கேளாத இறுவட்டுக்கு ஓர் ஆய்வுரை

டென்மார்க்கில் எங்கள் சனம் வெளியிட்ட இறுவட்டு ஒன்றையாவது எங்கள் சனம் கேட்டதாக எனக்குத் தெரியாது. அழைப்பிதழில் 'இறுவட்டு' என்று அச்சடிப்போம். வாயால் 'சீடி' என்போம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துவிட்டு மறந்துபோவோம். ஹேர்னிங்கில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் அந்த அலுமாரியைக் காணலாம். ஒருவரும் குடிக்காத விலையுயர்ந்த கோப்பைகள், பிள்ளைகள் நடனப் போட்டியில் வாங்கிய கேடயங்கள், அவற்றுக்கு நடுவே பிளாஸ்டிக் உறை உரிக்காத பாட்டுகள்.

ஆனால் வெளியீட்டு விழாவுக்கு எல்லோரும் வருவார்கள். அதற்கென்று ஒரு முறை உண்டு. விளக்கேற்றல், மாண்டவருக்கு அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, பிறகு ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்துச் சிறப்புப் பிரதி கொடுத்தல். யாரை முதலில் கூப்பிட்டார்கள், யாரை நாலாவதாகக் கூப்பிட்டார்கள் என்ற கணக்கில் இரண்டு குடும்பங்கள் ஆறு மாதம் முகம் பாராமல் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். அதன்பின் ஆய்வுரை, பாடியவரின் ஏற்புரை, நன்றியுரை, ரோல்ஸ், பால்தேநீர்.

அந்த ஆய்வுரை என்னுடைய இடம். கிழமை நாட்களில் நான் ஒரு யன்னல் தொழிற்சாலையில் சட்டங்களுக்கு ரப்பர் நாடா செருகுகிறவன். சனி, ஞாயிறுகளில் ஆய்வாளர். சங்கத்துச் சஞ்சிகையில் இரண்டு கட்டுரை எழுதிய புண்ணியத்தில் கிடைத்த பட்டம் அது. என் முறை மிகவும் எளிது. மண்டபத்துக்குப் போகும் வழியில் சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் அட்டையைப் படிப்பேன். எத்தனை பாட்டு, யார் இசை, தலைப்பு என்ன. மேடையில் ஆதித்தமிழன் பறை அடித்ததில் தொடங்குவேன். புலம்பெயர்ந்த வாழ்வின் வலிக்கு வருவேன். இரண்டு தலைப்பைத் தூக்கி, ஒரு தலைப்பைக் குட்டி முடிப்பேன். நுனிப்புல் மேய்வது என்று சொல்வார்கள். நான் வேலிக்கு வெளியே நின்றே வயல் செழிப்பு என்று சொல்லிவிட்டு வந்தவன். பல வருடங்களாக ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிப்பதற்கு அவர்கள் அந்தச் சீடியைக் கேட்டிருக்க வேண்டுமே.

நான் சொல்ல வந்தது என் நண்பன் ஒருவனின் சீடியைப் பற்றி. வந்த புதிதில் அகதி முகாமில் இரண்டு குளிர்காலம் ஒரே அறையில் கிடந்தவர்கள் நாங்கள். உறவு ஒன்றும் கிடையாது, ஆனாலும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். கொமூன என்கிற நகரசபை என்னை ஹேர்னிங்குக்கு அனுப்பியது, அவனை சில்க்போர்க்குக்கு. அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் டேனிஷ் கிழவர்களைக் குளிக்க வார்த்து, நகம் வெட்டி, கரண்டியால் சாப்பாடு தீத்துகிற வேலை அவனுக்கு. நாற்பத்தைந்து வயதாகியும் கலியாணம் கட்டவில்லை. எங்கள் சனத்தின் சட்டப்படி அது ஒரு குற்றம். அதைவிடப் பெரிய குற்றம், அவன் கன்ட்ரி ரொக் பாடினான்.

எங்கள் யூட்லாண்ட் பக்கத்தில் அந்த அமெரிக்க மாட்டுக்காரப் பாட்டுக்குப் பைத்தியங்கள் அதிகம். ஐந்து நாள் பன்றிக்குத் தீனி போடுகிறவன் சனிக்கிழமை பெரிய தொப்பியும் கூர்ச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, ஏதோ அமெரிக்கப் பாலைவனத்தில் பிறந்தவன்போல நடப்பான். அவர்களோடு திரிந்து திரிந்து இவனும் கிற்றார் பழகினான், தொப்பி வாங்கினான், கடைசியில் தானே பாட்டுக் கட்டவும் தொடங்கினான். பாட்டு தமிழில். எங்கள் சனம் அவனுக்கு 'மாட்டுக்காரன்' என்று பெயர் வைத்தது. தமிழ்க் கடைக்குள் அவன் நுழைந்தால், "மாட்டுக்காரர் வாறார், பால் என்ன விலையெண்டு கேளுங்கோ" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் பலமுறை என்னுடையது.

ஊரில் போர் முடிந்த வருடத்துக்கு முந்திய மார்கழியில் அவன் என்னை ஒலிப்பதிவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். சில்க்போர்க் ஏரிக்கு அப்பால் ஒரு பழைய மாட்டுக்கொட்டகை. பாடுகிற மூலைக்குச் சுவராகப் பழைய மெத்தைகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். மாட்டுக்காரனுக்கு ஏற்ற இடம்தான் என்று நினைத்தேன், நினைத்ததைச் சொல்லியும்விட்டேன். அவன் சிரித்தான். வாத்தியக்காரர் மூன்று பேரும் டேனிஷ்காரர். அதில் ஓய்வுபெற்ற லொறிச் சாரதி ஒருவர், கிற்றாரை மடியில் படுக்க வைத்து இரும்புத் துண்டால் இழுத்துக்கொண்டிருந்தார். பல்லுக்கொதிக்காரன் முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது. இவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு லொறியைப் பற்றிப் பாடினான்.

"உதென்ன பாட்டு மச்சான்?" என்று கேட்டேன். "லொறி போகுது, மழை பெய்யுது, ரயர் தேயுது. உதைக் கேக்கவோ சனம் காத்துக்கொண்டு கிடக்குது?"

"கன்ட்ரி எண்டா அப்பிடித்தான் மச்சான். நடந்ததை நடந்தபடி சொல்லுறது, சோடிக்கிறேல்லை. வாயால சொல்ல ஏலாத விசயத்தையும் அப்பிடியெண்டால் சொல்லிப்போடலாம்."

"சொல்ல ஏலாட்டிச் சும்மா இருக்கிறதுதானே."

பத்து நிமிடத்துக்கு மேல் நான் அங்கே இருக்கவில்லை. குளிர் காலில் ஏறிவிட்டது என்று சொல்லி வெளிக்கிட்டேன்.

அவனுடைய குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தகப்பன் இல்லை. தாய், கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் அல்பர்ட்ஸ்லுண்டில் அவனுடைய தங்கையோடு இருந்தார். ஒரே அண்ணன் ஊரில், போர் நடந்துகொண்டிருந்த வன்னியில். தை மாதத்துக்குப் பிறகு அந்த அண்ணனிடமிருந்து தொலைபேசி வரவில்லை. வன்னியில் ஆட்கள் இருந்த எல்லா வீட்டிலும் அப்போது அதே கதைதான். தாய் கைத்தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க இருப்பார் என்று அவன் சொன்னான். குளியலறைக்குப் போனாலும் அதைக் கொண்டுதான் போவாராம்.

சித்திரை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு ஒரு பின்னேரம் என் வீட்டுக்கு வந்தான். மெலிந்திருந்தான். எங்கள் சனம் எல்லோருமே அப்போது மெலிந்துதான் இருந்தோம், அதனால் நான் பெரிதாக எடுக்கவில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி ஒரு கடதாசி உறையை நீட்டினான். உள்ளே வீட்டில் பதிந்த ஒரு சீடி. உறையில் பன்னிரண்டு தலைப்புகளைக் கையால் எழுதியிருந்தான்.

"இன்னும் அடிக்கக் குடுக்கேல்லை மச்சான். கடைசிப் பாட்டு போன கிழமைதான் பதிஞ்சது. முதல் நீ கேள். ஒருக்காக் கேட்டாக் காணும், ஆனால் கடைசி வரைக்கும் கேள். கேட்டிட்டு எனக்கு ஒரு கோல் எடு."

"ஓம் ஓம், கேக்கிறன்."

"இந்தக் கிழமைக்குள்ள கேள். வேற ஆரிட்டையும் நான் குடுக்கேல்லை. நீ கேட்டால்தான் எனக்கு அடுத்த அலுவல்."

விழாவில் நல்லதாக நாலு வார்த்தை வேண்டும், அதற்குத்தான் இந்தக் கெஞ்சல் என்று நினைத்தேன். பாடுகிறவர்கள் எல்லோரும் விழாவுக்கு முன் என்னிடம் வந்து குழைவார்கள். உறையை வாங்கி, அடுத்த நாள் காரில் கையுறை வைக்கிற தட்டுக்குள் போட்டேன். மற்றவர்களுக்குப் பிளாஸ்டிக் உறை உரிக்கப் பஞ்சி என்றாவது ஒரு சாட்டு இருந்தது. எனக்கு அதுவும் இல்லை, வெறும் கடதாசி உறை.

மூன்றாம் நாள் அவனே கோல் எடுத்தான்.

"கேட்டியா மச்சான்?"

"கேட்டனான், கேட்டனான். நல்லாயிருக்கு."

"கடைசிப் பாட்டும் கேட்டியா?"

"எல்லாம்தான் கேட்டனான்."

"அப்ப ஒண்டும் சொல்ல மாட்டியா?"

"விழாவில சொல்லுறன், பொறன். அவசரப்படுறாய்."

அவன், "சரி" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தான். இந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாய்.

அந்தச் சித்திரை முழுக்க நாங்கள் தெருவில் நின்றோம். ஹேர்னிங்கிலிருந்து பஸ் பிடித்து, பெரிய பாலத்தைக் கடந்து, கோபன்ஹேகனில் பாராளுமன்றத்துக்கு முன்னால் பதாகையோடு நிற்பது, கத்துவது, தொண்டை கட்டித் திரும்பி வருவது. சைக்கிளில் போகிற டேனிஷ்காரர்கள் எங்களைத் தெருவேலைப் பலகையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுச் சுற்றிப் போனார்கள். அவர்களை மனதுக்குள் திட்டுவதற்கு எனக்கு நேரம் இருந்தது. ஒரு சீடி கேட்பதற்குத்தான் இருக்கவில்லை. சனம் சாகிற நேரத்தில் பாட்டுக் கேட்பதா என்று எனக்கே ஒரு நியாயமும் சொல்லி வைத்திருந்தேன்.

ஒருநாள் அங்கே அவனையும் தாயையும் கண்டேன். தாய் மூத்த மகனின் படத்தைப் பெரிதாக்கி, மட்டையில் ஒட்டி, நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். என் மகன் எங்கே என்று ஆங்கிலத்தில் கீழே யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவன் பக்கத்தில் தாயின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அன்ரி, கவலைப்படாதேங்கோ," என்றேன். "அவருக்கு ஒண்டும் நடவாது. வருவார், பாருங்கோ."

"உங்கட வாய் பலிக்கட்டும் தம்பி," என்றார் அவர்.

அவன் என்னையே பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு தலையை ஒருதரம் ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். விழாவைப் பற்றிக் கேட்கத்தான் நிற்கிறான் போல என்று நினைத்து, நான் நைசாகக் கூட்டத்துக்குள் நழுவிவிட்டேன்.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. அந்த நாட்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுதுவதற்கு என்னைவிட யோக்கியமானவர்கள் இருக்கிறார்கள். வைகாசிக்கு ஒழுங்கு செய்திருந்த விழாவைத் தள்ளிப்போட்டார்கள். மண்டபம் திரும்பக் கிடைத்தது ஆனி மாதக் கடைசியில். இடையில் சில்க்போர்க்கின் டேனிஷ் பத்திரிகை ஒன்று, அதற்குள் அடித்து வந்திருந்த சீடியைப் பற்றி எழுதியது. எழுதியவருக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை, அது அவருக்குத் தடையாகவும் இருக்கவில்லை. 'தென்திசைச் சூரியன்', 'மசாலா மணம்', 'தென்னை மரங்களின் ஏக்கம்' என்று கண்டுபிடித்திருந்தார். பன்னிரண்டு பாட்டிலும் ஒரு தென்னை மரம் கிடையாது என்று எனக்கு இப்போது தெரியும். யூட்லாண்ட் மழையும் மாட்டுச் சாணமும்தான் முழுக்க. அந்த மனிதரை நான் ஊர் முழுக்க நக்கலடித்துத் திரிந்தேன். ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளித்த கதைதான்.

விழாவுக்கு மண்டபம் நிறைந்தது. நாங்கள் கறுப்புச் சட்டை போட்டு வந்தோம். அகவணக்கம் நீண்ட நேரம் நடந்தது. அழுகைச் சத்தம் எங்கும் கேட்டது. அதன்பின் எல்லா உரைகளும் வரிசை தவறாமல் நடந்தன. ஆசியுரைக்காரர் அரை மணித்தியாலம் எடுத்தார். இடையில் இரண்டு பாட்டுப் போடுவதாக நிகழ்ச்சி நிரலில் இருந்தது. நேரம் போய்விட்டது என்று அதை வெட்டினார்கள். இப்படியாக, ஒரு பாட்டுச் சீடியின் வெளியீட்டு விழாவில் பாட்டைத் தவிர மற்ற எல்லாம் கேட்டது. தாய், அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து வந்து முன்வரிசையில் இருந்தார். தங்கைக்கு அன்று வேலை. மகனின் படத்தைத் தாய் இன்னும் கைப்பைக்குள் வைத்திருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம், தடுப்பு முகாம்களில் நிறையப் பேர் இருக்கினமாம், பெயர்கள் இனித்தான் வெளியில் வருமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் மேடைக்கு ஏறினேன். அந்த உறையில் அவன் எழுதியிருந்த தலைப்புகளைக் காரில் வரும்போது ஒருமுறை பார்த்திருந்தேன். 'லொறி'. 'மழைக்கோட்டு'. 'பால் வண்டி'. 'கிழவரின் சப்பாத்து'. பன்னிரண்டாவது, 'சில்க்போர்க் பஸ் நிலையம்'. சபையின் மனநிலை எனக்குத் தெரியும். அன்றைக்கு யாரையாவது குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால்தான் எல்லோருக்கும் மூச்சு வரும். அதற்கு இந்த மாட்டுக்காரனைவிட வாய்ப்பான ஆள் யார்?

"எங்கள் மண் சுடுகாடாகிக் கிடக்கிறது," என்று தொடங்கினேன். "பதுங்குகுழிகள் புதைகுழிகளாகிவிட்டன. இந்த நேரத்தில் எங்கள் பாடகர் எதைப் பாடியிருக்கிறார்? பன்னிரண்டு பாடல்களையும் இரண்டு முறை கேட்டேன். ஒரு பாட்டிலாவது எங்கள் சனத்தின் ஒரு சொட்டுக் கண்ணீர் இருக்கிறதா என்று தேடினேன். கடைசிப் பாட்டிலாவது இருக்கும் என்று காத்திருந்தேன். அது என்ன தெரியுமா? பஸ் நிலையம்! அங்கே உடன்பிறப்புகள் குண்டுக்குள் நிற்கும்போது எங்கள் பாடகர் பஸ்ஸுக்கு நிற்கிறார்!"

கைதட்டல் எழும்பியது. அப்படி ஒரு கைதட்டல் எனக்கு முன்பும் கிடைத்ததில்லை, பிறகும் கிடைக்கவில்லை. தாயும் மெதுவாகத் தலையை ஆட்டுவதைக் கண்டேன். அவன் மேடையில் கதிரையில் இருந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபிப்பான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் கோபம் இல்லை. அவனுடைய ஏற்புரை இரண்டு வசனம்தான்.

"வந்த எல்லாருக்கும் நன்றி. வீட்டை போய்க் கேளுங்கோ."

வீட்டுக்கு வரும்போது காரின் பின்னாலிருந்த என் மகள் டேனிஷில் கேட்டாள், அப்பா, நீங்கள் அந்தச் சீடியைக் கேட்டீர்களா என்று. அவளுக்கு அப்போது பதினாறு வயது.

"உனக்குத் தமிழ்ப் பாட்டு விளங்குமோ? வாயைப் பொத்திக்கொண்டு இரு," என்றேன்.

விளங்குவதைப் பற்றி நான் கேட்கவில்லை, கேட்பதைப் பற்றித்தான் கேட்டேன் என்றாள், மறுபடியும் டேனிஷில். மனைவி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வானொலிச் செய்தியைப் போட்டேன்.

ஆடி விடுமுறைக்குத் தொழிற்சாலை மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு, கண்ணாடி பொருத்துகிற பகுதியில் வேலைசெய்யும் ஒரு டேனிஷ்காரன் கோப்பி நேரத்தில் என் பக்கத்தில் வந்து இருந்தான். சனிக்கிழமைத் தொப்பிக்காரர்களில் ஒருவன். உன் நண்பனின் சீடியைத்தான் ஒரு மாதமாகக் காரில் போட்டுக்கொண்டு திரிகிறேன் என்றான். பன்னிரண்டாவது பாட்டில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன, அது எதனால்? கடைசியில் அவன் குரல் மட்டும் நிற்கிறது, அதில் என்ன சொல்கிறான்? மனைவி ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அழுகிறாள், ஏன் அழுகிறாள் என்று அவளுக்கே தெரியாது, அதுதான் உன்னிடம் கேட்கிறேன் என்றான்.

"நாளைக்குச் சொல்கிறேன்," என்றேன். பன்றி வளர்க்கிறவன், தொப்பிக்காரன் என்று நான் நக்கலடித்த கூட்டத்தில் ஒருவன் அதைக் கேட்டிருக்கிறான். ஒரு சொல்கூட விளங்காமல் ஒரு மாதம் கேட்டிருக்கிறான்.

வேலை முடிந்து, வாகனத் தரிப்பிடத்தில், மூன்று மணி வெயிலில், அந்தக் கடதாசி உறையை எடுத்தேன். நேரே பன்னிரண்டாவதைப் போட்டேன்.

பஸ் நிலையம். காலை ஆறு மணி, குளிர். வேலைக்குப் போக நிற்கிறான். தொலைபேசி அடிக்கிறது. வன்னியிலிருந்து தப்பி வவுனியா ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருவன் கதைக்கிறான். அண்ணையைத் தாட்டாச்சு என்கிறான். ஆர் தாட்டது? நான்தான். எவ்விடம் புதைச்சது? பங்கருக்குப் பக்கத்தில. வேற ஏதும்? வேற ஒண்டும் இல்லை, ஃபோனில காசு முடியுது. பஸ் வருகிறது. சாரதி காலை வணக்கம் சொல்கிறார், இவனும் சொல்கிறான். வேலைக்குப் போய் ஒரு கிழவருக்குத் தலை முழுக வார்க்கிறான். தண்ணீர் சுடுகிறது என்கிறார் கிழவர். இவன் தண்ணீரைச் சரிபார்க்கிறான். அந்த இடத்தில் கடைசி வாத்தியமும் நிற்கிறது. அம்மாவுக்குச் சொல்ல எனக்கு ஒராள் வேணும், என்னோட ஒராள் வேணும் என்று இரண்டு முறை பாடுகிறான். இரண்டாவது முறை குரல் உடைகிறது. அதோடு பாட்டு முடிந்துவிட்டது.

நான் காரை எடுத்த வேகத்தில் பக்கத்துக் காரில் இடித்திருப்பேன். ஹேர்னிங்கிலிருந்து சில்க்போர்க்குக்கு முக்கால் மணித்தியாலம். வழி முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தையும் தீர்ந்துபோயிற்று.

அவன் வீட்டில்தான் இருந்தான். கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டான்.

"இப்பதான் கேட்டியா?"

"இப்பதான்ரா."

"உள்ளுக்கு வா."

தேத்தண்ணி போட்டான். நான் இருக்க மாட்டாமல் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிற வாய்.

"என்னைச் செருப்பால அடி மச்சான்."

"அதை விடு. பாட்டு எப்பிடி?"

அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. கையில் கோப்பையோடு, பதிலுக்காகவே நின்றான்.

"கடைசி வரியில ரெண்டாந்தரம் குரல் உடைஞ்சு போச்சு," என்றேன்.

"ஓம். திருப்பிப் பாடச் சொல்லித்தான் அவங்கள் சொன்னவங்கள். நான் விடேல்லை."

பிறகு இருந்து, என்னையும் இருக்கச் சொன்னான்.

"நீ கேட்டனான் எண்டு சொன்னாய் என்ன? நான் அதை நம்பிப்போட்டன். கேட்டிட்டும் ஒண்டும் சொல்லாமல் இருக்கிறாய் எண்டு நினைச்சன். பிறகு கோபன்ஹேகனில அம்மாவிட்டை, அவர் வருவார் எண்டு சொன்னாய். அப்ப நான் நினைச்சன், இவன் யோசிச்சுத்தான் சொல்லுறான், அம்மாவுக்கு இப்ப சொல்ல வேண்டாம் எண்டுறான் எண்டு. அதாலதான் நானும் விட்டிட்டன். மேடையில நீ பஸ் ஸ்ராண்டைப் பற்றிச் சொல்லேக்குள்ளதான் விளங்கினது, நீ கேக்கவே இல்லையெண்டு. எனக்கு நிம்மதியா இருந்தது மச்சான். உண்மையா. நீ பொய்க்காரன்தான், கல்லு நெஞ்சுக்காரன் இல்லை."

அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். இந்த நிம்மதியைத் தாங்க முடியவில்லை.

"வெளிக்கிடு," என்றேன். "இப்பவே அல்பர்ட்ஸ்லுண்டுக்குப் போவம். நான் அன்ரிக்குச் சொல்லுறன். நானே சொல்லுறன்."

"சொல்லியாச்சு."

"எப்ப?"

"விழா முடிஞ்ச அண்டைக்கே. அம்மாவை நான்தானே காரில கொண்டுபோய் விட்டனான். வழியெல்லாம் பேச்சு. அந்தத் தம்பி சொன்னது சரிதானே, உன்ர அண்ணன் அங்கை எந்த முகாமில கிடந்து என்ன பாடுபடுறானோ, நீ பஸ் ஸ்ராண்டைப் பற்றிப் பாடுறாய், உனக்கு வெக்கமில்லையோ எண்டு. பெரிய பாலத்தில ஏறேக்குள்ளயும் நிப்பாட்டேல்லை. என்னால ஏலாமல் போச்சு. பன்னிரண்டாவதைப் போட்டிட்டன்."

அந்தப் பாலத்தில் காரை நிறுத்த முடியாது. இரண்டு பக்கமும் கடல்.

"முடிஞ்சாப் பிறகு சீடி திரும்ப முதல்ல இருந்து பாடத் துவங்கீட்டுது. லொறிப் பாட்டு. நிப்பாட்ட எனக்குக் கை வரேல்லை, அம்மாவும் நிப்பாட்டச் சொல்லேல்லை. அல்பர்ட்ஸ்லுண்ட் மட்டும் அது தன்ர பாட்டில பாடிக்கொண்டு வந்தது."

"அன்ரி ஒண்டும் சொல்லேல்லையா?"

"வீட்டு வாசல்ல இறங்கேக்குள்ள ஒண்டே ஒண்டு கேட்டவ. அவன் போனது எந்தத் திகதி எண்டு. சொன்னன். விரல்ல எண்ணிப் பாத்தவ. அப்ப முப்பத்தோராம் நாள் போயிட்டுது, பிள்ளைக்கு அந்தியேட்டிக் கிரியைகூடச் செய்யேல்லையே எண்டு சொல்லிப்போட்டு உள்ளுக்குப் போட்டா."

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. நான் கேட்டிருக்கக் கூடாது, ஆனாலும் கேட்டேன்.

"நீ என்னட்டைச் சீடி தந்த அண்டைக்கு எத்தினையாம் நாள்?"

"இருபத்தொண்டு," என்றான் அவன்.